பின்னங்காலில் பட்ட உதை

உதைத்தது மச்சான்தான் என்று அடித்துச் சொன்னார் அவர். ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆட்டம். அவரும் மச்சானும் ஒரே பக்கம். வலைக்குப் பக்கத்தில் விழுந்த ஷட்டிலை எடுக்கப் பாய்ந்தாராம், வலது குதிகாலுக்கு மேலே பின்னாலிருந்து 'பட்'டென்று ஓர் உதையாம். திரும்பிப் பார்த்தால் மச்சான் நிற்கிறான். அதற்குச் சற்று முன்தான், "கண்ணை எங்கடா வெச்சுட்டு வந்தே?" என்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டியிருந்தார். காரணமும் கையோடு கிடைத்துவிட்டது, அப்புறம் கேட்கவா வேண்டும்!

மனுஷர் லிஃப்ட் மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பொய் வராது. மச்சானோ அவர் மனைவியின் ஒரே தம்பி. மாடி அறையில் தங்கி வேலைக்குப் போகிறவன். போய் மன்னிப்புக் கேள் என்று அவள் சொன்னதற்கு, "நான் தொடவே இல்லக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போனவன், அதன் பிறகு சாப்பிடக்கூடக் கீழே வரவில்லை. இப்போது மாடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. வேறு அறை பார்த்துவிட்டானாம், இன்றைக்கே கிளம்புகிறானாம். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

அவள் பிசியோதெரபிஸ்ட். "என் பொண்டாட்டி ஊர்க்காலை எல்லாம் பிடிச்சுப் பிழைக்கிறா" என்று கணவர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவள் வீட்டில் இருந்த காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய வேலையிடத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்று அனுப்பியிருந்தார்கள். விந்தி விந்தி நடக்கிறார், கால்விரல்கள் அசைகின்றன. போதாதா? தம்பி மேல் இருந்த கோபத்தில் அவளுக்குச் சண்டைதான் கண்ணில் பட்டது, கால் படவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் சமையலறை மேல்தட்டில் இருந்த டார்ச்சை எடுக்க எக்கினார். இடது குதி எழும்பியது. வலது குதி தரையோடு தரையாகக் கிடந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்படியே நில்லுங்க. வலது கால்ல மட்டும் நின்னு குதியைத் தூக்குங்க."

முக்கினார், முனகினார். "வலிக்குதும்மா."

"வலிக்குதா, வரலையா?"

கொஞ்சம் யோசித்தார். "வரல."

கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள், பாதம் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி. பாதம் உள்பக்கமாக மடங்கிச் சுளுக்கினால், வெளிப்பக்கக் கணுக்கால் எலும்புக்கு முன்னால் இருக்கிற தசைநார்தான் பெரும்பாலும் அடிவாங்கும், வீக்கமும் அங்கேதான் வரும். இங்கே அந்த இடம் சுத்தமாக இருந்தது. வீங்கியிருந்தது பின்பக்கம். குதி எலும்பிலிருந்து விரலை மேலே ஓட்டினாள். இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி கையில் பட வேண்டிய இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது. இடது கெண்டைக்காலைப் பிழிந்தாள். பாதம் தானாகக் கீழே மடங்கியது. வலதைப் பிழிந்தாள். பாதம் சும்மா தொங்கியது. இன்னொரு முறையும் பிழிந்தாள், அசைவே இல்லை. இனி எந்த டாக்டர் வந்து மறுத்தாலும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"சுளுக்கும் இல்ல மண்ணும் இல்ல. கெண்டைக்கால் சதையையும் குதியையும் சேர்க்கிற நாண் அறுந்துபோச்சு."

"அதான் அப்பவே சொன்னேனே! அவன் உதைச்ச உதையில..."

"உதையே கிடையாதுங்க. நீங்க பாய்ஞ்சப்ப தானா அறுந்திருக்கு. அறுந்தா இப்படித்தான் இருக்கும், யாரோ பின்னாலேருந்து உதைச்ச மாதிரி. எங்கிட்ட வர்றவங்க எத்தனையோ பேரு திரும்பி ஆளைத் தேடியிருக்காங்க. தனியா ஓடிக்கிட்டிருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்தா வெறும் ரோடாம்!"

"எனக்கு நல்லாப் பட்டுச்சேம்மா."

"பட்டுச்சுதான். நீங்களும் பொய் சொல்லல, அவனும் சொல்லல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சே, என்ன பிழைப்பு இது! தினமும் ஊராருக்குச் சொல்கிற சங்கதி, சொந்த வீட்டில் ஞாபகம் வரவில்லையே.

அவர் தலையைத் தூக்கி மாடிக்குக் கேட்கக் கத்தினார். "மச்சான்! டேய் மச்சான்! கீழ வாடா!"

தம்பி பெட்டியும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றான்.

"நீ உதைக்கலடா. நாண் தானா அறுந்துடுச்சாம். தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கடா." குப்புறக் கிடந்ததால் அத்தனையும் கட்டில் காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பரவாயில்ல மாமா. உங்களுக்குப் பட்டுச்சு, சொன்னீங்க." அவன் கண் அக்கா மேல் இருந்தது. "நீ ஏன்க்கா கேக்கல? உதைச்சியாடான்னு ஒரு வார்த்தை? நேரா, போய் மன்னிப்புக் கேளுன்னுட்டியே."

அவள் அவன் எதிரே வந்து நின்றாள்.

"கேக்கலடா. கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏம்ப்பா, அழறதா இருந்தா என்னைத் திருப்பிப் போட்டுட்டு அழுங்களேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, மாமாவைப் புரட்டி உட்காரவைத்து, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"எந்த ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லு. ஆனா ஒண்ணுக்கா, எனக்கு இன்னும் கோபம் போகல."

"போக வேண்டாம்டா," என்றாள் அவள். "இங்கயே இருந்து கோபப்படு."