டைகர் குரைத்த காலை

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பின்கட்டுக் குளியலறைக்குள் டைகரைத் தள்ளும்போது கோமளாவுக்கு மூச்சு வாங்கியது. நாய் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. கூடத்தில் புருஷன் காந்தனைக் கிடத்தியிருக்கிறது. இங்கே அவள் நாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்களின் காலில் நாய் சுற்றக்கூடாது என்பது மகன் ஹரிதாஸின் உத்தரவு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளிருந்து நகங்கள் கதவைப் பிறாண்டின. அதற்கு மேல் சத்தம் எதுவும் வரவில்லை. வராது. டைகரின் தொண்டைக்குள் கத்தி வைத்துக் குரலை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

பெயர்தான் டைகர். டின் பால் தடவிய ரொட்டிக்கு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிற ஜாதி. ஆனால் குரல் மட்டும் பெயருக்குப் பொருத்தமாக இருந்தது. தபால்காரன் அடுத்த தெருவில் வரும்போதே இங்கே முழக்கம் ஆரம்பித்துவிடும். காந்தனுக்கு அதில் தனிப் பெருமை. நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர் அவர். தொழிலாளர் லயத்து நாய்கள் விடிய விடியக் கத்தினாலும் அங்கே கேட்பார் கிடையாது. தெங்கேராவுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தாமான் குடியிருப்பில் அப்படியா? எல்லாம் ஒட்டுச் சுவர் வீடுகள். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு அப்புசாமிக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பகலில் தூங்கியாக வேண்டிய மனுஷன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் வேலி ஓரம் நின்று காந்தனிடம் சொன்னார், பிறகு நகராண்மைக் கழகத்தில் சொன்னார். அதிகாரி வந்தார். நாய் வாயை மூட வேண்டும், இல்லையென்றால் நாய் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். காந்தனால் நாயை விட முடியவில்லை. லாரி ஓட்டிய காலத்துச் சிநேகிதர் ஒருவர், நாயின் குரலை எடுத்துவிட ஏதோ இடம் சொல்லியிருக்கிறார். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த கோமளா திரும்பி வந்தபோது, டைகர் கேட் வரை ஓடிவந்து குதித்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சளி பிடித்த கிழவர் இருமுவதுபோல ஒரு கரகரப்பு மட்டும் வந்தது.

ஒரு மாதம் அவள் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் சமாதானம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவள் திவ்யதர்ஷினியின் குழுவில் போய்ச் சேர்ந்தாள். திவ்யா வக்கீல் ஆபீசில் வேலை செய்யும் பெண். கல்யாணம் காட்சி என்று நினைக்கிற வயதில் நாய் பூனைகளுக்காகத் தெருத்தெருவாக அலைகிறது என்று ஊரில் கேலி உண்டு. நோய்க்கு வைத்தியமாக அல்லாமல், சத்தம் வேண்டாம் என்பதற்காகவே ஒரு பிராணியின் குரலை வெட்டினால், வெட்டியவருக்கும் தண்டனை, வெட்டச் சொன்ன வளர்ப்பாளருக்கும் தண்டனை. சட்டத்தை அப்படி இறுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். உம்பாயில் மீன் கடைக்குச் சாப்பிட வந்தவர்களைக்கூட விடவில்லை.

மேசையைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறவர் காந்தன்தான். இறக்கிவிட்டு, காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாய்க்கு முன்பே அப்படி ஆகியிருந்தது, இவர்கள் பாவம் பார்த்து எடுத்து வளர்க்கிறார்கள் என்று குழுவில் எல்லோரும் தாங்களாக நினைத்துக்கொண்டார்கள். கோமளா திருத்தவில்லை. ஒருமுறை அவள் கையெழுத்துத் தாளைக் கார் ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் பேனாவை வாங்கினார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் எப்படிப் போடறது, கோமளா?"

அன்றைக்கே அவள் கோபம் போய்விட்டது. அவரிடம் அதைச் சொல்லத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் வரவே இல்லை.

கோரிக்கை ஒய்பி வரை, அதாவது சட்டமன்ற உறுப்பினர் வரை போய் அங்கேயே நின்றது. வெட்டியவனைத் தண்டிக்கலாம், ஆசையாக வளர்க்கிறவரை எப்படித் தண்டிப்பது, அப்படிச் செய்துவிட்டு வருத்தப்படுகிற ஆள் ஒருவரையாவது கூட்டி வாருங்கள் என்று சிரித்து அனுப்பினார்கள். திவ்யாவுக்குத் தீராத ஆதங்கம் அது. எல்லாரும் நாயைக் காட்டுகிறார்கள், நான்தான் செய்தேன் என்று ஓர் ஆள் வரவில்லையே என்று அவள் புலம்பும்போதெல்லாம், கோமளா மேசை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்வாள். எதிரே கார் நிற்கும்.

நேற்றுக் காலை அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். காந்தன் வீட்டின் பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். டைகர் முன்வாசலுக்கு ஓடியிருக்கிறது. ஷிப்டு முடிந்து வந்த அப்புசாமி அதைப் பார்த்தார். கேட்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. அவர் தினமும் அதற்கு ஒரு ரொட்டிச் சானாய் வாங்கி வருவார். குரல் போன நாளிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம்; மனசாட்சிக்குக் கட்டிய மொய் என்று வைத்துக்கொள்ளலாம். ரொட்டிக்குத்தான் குதிக்கிறது என்று நினைத்து, பொட்டலத்தைப் பிரித்துக் கேட்டுக்கு மேலாகப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். கோமளா வந்தபோது ரொட்டி அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அப்புசாமி இதை மறைக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். திவ்யா காதிலும் அது விழுந்தது.

அவள் வந்து கோமளாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, இப்ப கேக்கக்கூடாது, தெரியும். அடுத்த வாரம் ஒய்பிய மறுபடி பாக்கிறோம். அங்கிளுக்கு நடந்தத அங்க சொல்லலாமா? டைகர முதல்ல வளத்தவங்க யாருன்னு தெரிஞ்சா நானே போயி பேசிப் பாக்கிறேன். ஒரு ஆள் வாய் தொறந்தா போதும் ஆன்ட்டி."

கோமளா அப்புறம் சொல்வதாகச் சொன்னாள். கதவோரம் நின்ற ஹரிதாஸ் கேட்டுக்கொண்டே இருந்தான். காபி குடிக்கக் கூப்பிடுவதுபோல அம்மாவைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போனான். ஜொகூரில் வேலை பார்க்கிறவன், நேற்று மத்தியானம் வந்ததிலிருந்து உட்காரவில்லை, கண்கள் சிவந்திருந்தன.

"ம்மா, அப்பாதான் செஞ்சாருன்னு வெளிய போச்சுன்னா ஃபேஸ்புக்ல என்னா எழுதுவானுங்க தெரியுமா? நாய் வாய அடைச்சான், அதுலயே செத்தான்னு எழுதுவானுங்க. சிரிப்பானுங்க லா. இன்னைக்கு நான் கொள்ளி வைக்கணும். அத மட்டும் நிம்மதியா செய்ய விடு."

கருமக்கிரியை முடிந்ததும் டைகரைக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்றான், அவள் தன்னோடு ஜொகூர் அடுக்குமாடிக்கு வந்துவிடலாம் என்றான். அங்கே நாய் வளர்க்க அனுமதி கிடையாது. அவன் சொன்னதில் எதுவும் தப்பில்லை. வாயைத் திறந்தால், செத்த மனுஷனை ஊரான் வாயில் போட்டு மெல்லுவான். திறக்காவிட்டால், அவர் செத்தது ஒரு நாய்க்கும் உதவாது. ஏதோ ஒரு தாமானில் இன்னொரு டைகரை யாரோ காரில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கருமக்கிரியை வரை கேட்டைத் தாண்டவும் முடியாது அவளால். தாலியைக் கழற்றப் போகிறவளுக்கு அதுதான் முறை. அவள் காபியைக் குடிக்காமல் கூடத்துக்கே திரும்பிப் போனாள். இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதையும் நாலு பேர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

உடலைக் குளிப்பாட்ட நேரம் வந்தது. தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தவர் அலறிப்போய் வாளியைக் கீழே போட்டார். உள்ளே நாய் இருக்கிறதென்று யாருமே சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டார். அதற்குள் டைகர் எல்லோர் காலிடுக்கிலும் புகுந்து வெளியே ஓடிவிட்டது. கார் அடியில் போய்ப் படுத்துக்கொண்டதை யாராலும் இழுக்க முடியவில்லை. சடங்கு செய்ய வந்த பண்டாரம் நேரமாகிறது என்றார், விட்டுவிட்டார்கள்.

சவப்பெட்டியைத் தூக்கியபோதுதான் அது வெளியே வந்தது. உறுமி மேளம் முழங்க, ஹரிதாஸ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். சட்டியைக் கையில் வாங்கியவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பண்டாரம் அவனுக்குச் சொல்லியிருந்தார். பெட்டியின் ஒரு மூலையில் அப்புசாமி தோள் கொடுத்திருந்தார். பெண்கள் கேட்டோடு நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த காந்தனின் அக்கா ராஜம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். டைகர் அவர்கள் நடுவில் வந்து நின்று, தலையைத் தூக்கி, வாயைத் திறந்தது. விலா எலும்புகள் விம்மி விம்மி அடங்கின.

ராஜம்மா ஒப்பாரியை நிறுத்தி அதைப் பார்த்தார்.

"சோறு போட்டவன் போறான். ஒரு சத்தம் வருதா பாரு. இதுக்கா என் தம்பி ரொட்டி ஊட்டி ஊட்டி வளத்தான்? நன்றி கெட்ட நாயி."

"அது கத்துது, அண்ணி" என்றாள் கோமளா.

"எங்க கத்துது?"

"நேத்து காலையிலேருந்து கத்துது. நமக்குத்தான் கேக்கல. தொண்டைய அறுத்தாச்சு அதுக்கு."

மேளக்காரர் யாரும் சொல்லாமலே கையை நிறுத்தினார். திவ்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யோசித்துக் கேட்டதாகத் தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"யாரு ஆன்ட்டி அறுத்தது?"

அப்புசாமி தலை நிமிர்ந்தார். ஹரிதாஸின் முதுகு விறைத்தது. கோமளா பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் இருக்கிற மனுஷன் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை இராத்திரி உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நான்தான்" என்றாள். "சத்தம் போடுதுன்னு சொன்னாங்க. வேற எடத்துல கொண்டு போயி விட மனசு வரல. நான்தான் தெரியாத்தனமா கொண்டு போயி அறுத்துட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டாரு."

மூன்று வருஷமாகக் காந்தன் சொல்லாத சமாதானம் அது. தன் வாயால் சொல்லும்போதுதான், அன்றைக்கு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போன மனசு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குப் பிடிபட்டது. அப்போதுதான் அழுகை வந்தது, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஹரிதாஸின் கழுத்து பாதி திரும்பியது. "திரும்பாத தம்பி" என்றார் பண்டாரம். அவன் அப்படியே நின்றான். சட்டியிலிருந்து புகை அவன் முகத்தில் அடித்தது. பிறகு நடந்து போய், சவம் ஏற்ற நின்ற வேனில் ஏறினான். பெட்டியை ஏற்றியதும் அப்புசாமியும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். அவருக்கு எல்லாம் தெரியும். ஏறும்போது கோமளாவைப் பார்த்து ஒரு முறை கையெடுத்துக் கும்பிட்டார். சாவு வீட்டில் அதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேன் தெரு முனையில் மறையும் வரை திவ்யா நின்றாள். பிறகு, இதைச் சொல்லலாமா என்று கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"சொல்லும்மா. எம்பேரப் போட்டே சொல்லு."

திவ்யா தலையை ஆட்டினாள். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. ஆன்ட்டி என்று சொல்ல வந்து, சொல்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டு போனாள். கோமளாவுக்கு அது வலித்தது. அந்தப் பெண் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. ராஜம்மா, தம்பிக்குத் தெரியாமல் இவ்வளவும் செய்தாளா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டபடியே உள்ளே போனார். மற்றப் பெண்கள் வாளியும் துடைப்பமுமாக வீட்டைக் கழுவிவிடக் கிளம்பினார்கள்.

கோமளா முன்வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்கு அடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். டைகர் வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. வாடகைக்குக் கூடாரம் போட்ட ஆட்கள் கயிற்றை அவிழ்த்தார்கள், விரிப்பைச் சுருட்டினார்கள், சிவப்பு நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி லாரியில் ஏற்றினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வரச்சொல்லி உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், அவள் பெயரைச் சொல்லாமல். வருகிறேன் என்றாள், எழுந்திருக்கவில்லை. லாரிக்காரர் கடைசி அடுக்கை ஏற்றிவிட்டு வந்து, மிச்சமிருந்த அவள் நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி, கையுறையைக் கழற்றிக்கொண்டு வெயிலில் நின்றார்.