பேய்ப் பெட்டியின் ஏழு பொட்டுகள்

1988. சிலிபின் வட்டாரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மாயாண்டி காலையிலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்த்தான். கடை மூலையில் நின்ற வீடியோ கேம் பெட்டியை வாங்கக் கோலாலம்பூரிலிருந்து ஷரபுதீன் வருகிறார். சந்து சந்தாக ஓடிப் பேய்களிடமிருந்து தப்பும் பழைய ஆட்டம் அது. அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பவர் அவர். மாயாண்டி அனுப்பிய போட்டோவைப் பார்த்ததுமே வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார்.

வந்த நேரத்தில் பொத்தான் மக்கர் செய்தால் என்ன ஆவது? மாயாண்டி பத்துத் தரம் ஆடிப் பார்த்தான். பிறகும் மனம் கேட்காமல், மண்ணெண்ணெய்த் துணியால் பெட்டியைக் கறையில்லாமல் தேய்த்துத் துடைத்தான்.

ஷரபுதீன் வந்தார். ஆடிப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து தேடினார்.

“அண்ணே, போட்டோல இங்க வரிசையா ஏழு பொட்டு இருந்துச்சே?”

“வருசா வருசம் ஆயுத பூசைக்கு வச்சது. உங்களுக்காகத்தான் துடைச்சேன்லா.”

“இதே பெட்டி எங்கிட்ட மூணு இருக்கு. பொட்டு வச்சது யார்கிட்டயும் இல்ல. அதுக்குத்தான் வந்தேன்.”

மாயாண்டியின் மனைவி இருளாயி உள்ளே ஓடிக் குங்குமச் சிமிழோடு வந்தாள். “இப்பவே வச்சிரலாம் அண்ணே.”

ஷரபுதீன் கார் சாவியை எடுத்தார். “வைங்க அக்கா. ஆனா அது இன்னைக்கு வச்ச பொட்டு.”

மாயாண்டி தன் நகங்களைப் பார்த்தான். ஏழு வருடமும் அங்கே சிவப்பாக ஒட்டியிருந்தது.