நூற்றிப்பதினேழாம் அங்கத்தவர்

என் பெயர் உதயகலா, ஊர் கரவெட்டி. வடபிராந்திய ஈருருளி மோட்டார் வாகன உரிமையாளர் நலன்புரிச் சங்கத்தின் நூற்றிப்பதினேழாம் அங்கத்தவர். இந்தப் பெயரை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் ஒரு சில்லுக்குக் காற்றடித்துவிடலாம்.

நடுவீதியில் வாகனம் பழுதானால் ஒரு ரெலிபோன் கோல் எடுங்கள், உதவி உங்களைத் தேடி வரும் என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பிச் சேர்ந்தேன். அட்டை தந்தார்கள், ஸ்கூட்டியில் ஒட்ட ஸ்ரிக்கர் தந்தார்கள், தலைவர் தியாகலிங்கத்தார் சிரிக்கிற கலண்டரும் தந்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார், தலைவர் செயலாளருக்குப் போர்த்தினார். மிஞ்சிய ஒன்றைப் பொருளாளர் ஒருவரும் கேளாமலே தானாகப் போர்த்திக்கொண்டார். பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒரு மனிதரையும் அந்த மேடையில் நான் காணவில்லை. வடை சுடச்சுட இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

போன தை மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எனக்கு நேர்முகத் தேர்வு. காலை ஒன்பது மணிக்கு. பட்டம் எடுத்துப் பத்து வருடமாகக் காத்திருந்து வந்த கடிதம். அடுத்த மாதம் வயது எல்லை தாண்டுகிறது, இதை விட்டால் அரசாங்க வேலை என்ற கதையே எனக்கு இல்லை. அம்மாவின் நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏழரைக்கே வெளிக்கிட்டேன். வல்லை வெளியில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின்சில்லு புஸ் என்று படுத்துவிட்டது.

வல்லை வெளியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடை இல்லை, வீடு இல்லை, நிழல் என்று ஒதுங்க ஒன்றும் இல்லை. காற்று மட்டும் சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். நான் பதறவில்லை. அட்டையை எடுத்து இலக்கத்தை அழுத்தினேன். தலைவரே எடுத்தார்.

"அங்கத்தவர் இலக்கம்?"

"நூற்றிப்பதினேழு, ஐயா. வல்லை வெளியிலை நிக்கிறன். ரயர் போட்டுது. ஒன்பது மணிக்கு எனக்கு இன்ரவியூ."

"பாலத்துக்கு அங்காலையோ, இஞ்சாலையோ?"

"ஏன் ஐயா?"

"அங்காலை எண்டால் கோப்பாய்க் கிளை, இஞ்சாலை எண்டால் பருத்தித்துறைக் கிளை. ஒரு கிளையின்ரை அலுவலுக்கை மற்றக் கிளை கைவைச்சால் பிறகு பெரிய பிரச்சினை, பிள்ளை."

பாலத்தைப் பார்த்துப் பருத்தித்துறைக் கிளை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி, விளங்குது. நான் பாக்கிறன். அப்ப வாறன்."

வாறன் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. தலைவரே வருகிறார்!

பத்து நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் மீன்பெட்டி. ஓட்டி வந்தவர் பிலிப்பு அண்ணை. குருநகர் ஆள், பருத்தித்துறையில் மீன் எடுத்துக்கொண்டு தினமும் அந்த வழியால் யாழ்ப்பாணம் போகிறவர். எங்கள் வீட்டு ஒழுங்கைக்கும் சிலநாள் விற்க வருவார், கறிக்கு வாங்கியிருக்கிறேன். குனிந்து ரயரைப் பார்த்தார்.

"இது ஒட்டேலாது பிள்ளை, நல்லாக் கிழிஞ்சுபோச்சு. எங்கை போகவேணும்?"

சொன்னேன்.

"நானும் ரவுணுக்குத்தான். ஏறுங்கோ. பெட்டிக்கு முன்னாலை இடம் கிடக்கு. சேலை படாமல் பொலித்தீன் விரிச்சு விடுறன். எட்டரைக்கு அங்கை நிப்பம்."

"வேண்டாம் அண்ணை. சங்கத்திலை இருந்து வருகினம்."

"என்ன சங்கம்?"

அட்டையைக் காட்டினேன். முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பார்த்தார். "உதிலை ஒரு நம்பர்தானே பிள்ளை கிடக்கு. சில்லு ஒண்டையும் காணேல்லை."

"தலைவரே வாறார்," என்றேன், கொஞ்சம் காரமாகவே. அவர் சிரித்துவிட்டு, நேரத்தை மினக்கெடுத்த வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

பிறகு யாழ்ப்பாண பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டவில்லை. தலைவர் வந்து பார்க்கும்போது அங்கத்தவரைக் காணவில்லை என்றால் மரியாதையா? என்னைப்போல ஒரு விசரியை அந்த வெளி கண்டிருக்காது.

எட்டு ஐம்பதுக்குத் திரும்பவும் கோல் எடுத்தேன்.

"ஐயா, எங்கை வாறியள்?"

"எங்கையும் வரேல்லை. வீட்டிலைதான் நிக்கிறன்."

"வாறன் எண்டு சொன்னனீங்கள்!"

"ஓம், சொன்னனான். கதைச்சு முடிஞ்சால் வாறன் எண்டுதானே சொல்லுறது? காலங்காத்தாலை பொம்பிளைப்பிள்ளைக்குப் போறன் எண்டு சொல்லவோ? இப்பத்தைப் பெடியள் மாதிரி போனை வைக்கிறன் எண்டு சொல்ல என்ரை வாய் வராது."

எங்கள் ஊரில் ஒருவரும் போகிறேன் என்று சொல்லி விடைபெறுவதில்லை. அது அபசகுனம். வாறன் என்று சொல்லித்தான் போவார்கள். பிறந்ததில் இருந்து கேட்டு வந்த சொல். அதை நம்பி ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை நிர்வாகசபை கூடுது," என்றார் தலைவர். "உங்கடை விசயத்தை முதலாவதா எடுப்பம். பருத்தித்துறைக் கிளைக்குச் செயலாளர் இல்லை, அதுதான் சுணக்கம். அப்ப வாறன்."

ஸ்கூட்டியை அங்கேயே பூட்டிவிட்டு அடுத்த பஸ்சுக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பத்துமணி தாண்டிவிட்டது. பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளை எடுத்துவிட்டார்களாம். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட டிலக்ஷி என்ற எழுதுவினைஞர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"பிந்தினதுக்குக் காரணத்தை எழுதித் தாங்கோ அக்கா. மேலை அனுப்பிப் பாப்பம்."

வல்லை வெளியில் வாகனம் பழுதடைந்தது, எவரும் உதவிக்கு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வைத்த பிறகு அந்த வரியைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. வந்தார். பொலித்தீன் விரித்து விடுகிறேன் என்றும் சொன்னார். நேர்முகத் தேர்வு மண்டபத்துக்குள் நான் மீன் மணக்கக் கூடாது, அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து போகிறதை எங்கள் ஆட்கள் ஒருவரும் காணக் கூடாது, அதுதான் காரணம். தாளில் நிறைய இடம் இருந்தது, எழுத மனம் வரவில்லை.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. காரணம் ஏற்கப்படவில்லை.

வீட்டில், ஒழுங்கையில், கோயில் வாசலில், கேட்டவர்களுக்கெல்லாம் சங்கத்தால்தான் என் வேலை போனது என்று சொன்னேன். தியாகலிங்கத்தாரை வாய் வலிக்கத் திட்டினேன். கேட்ட எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவராவது, "அந்த ரோட்டாலை வேறை ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்கவில்லை.

பங்குனியில் அங்கத்துவத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்றைக்கே புதுப்பித்தேன். சங்கத்தை விட்டுவிட்டால் பிறகு நான் யாரைத் திட்டுவது?