கதவோரத்து டைல்ஸ்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மண்டை காய்ந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த வீட்டில் டைல்ஸ் ஒட்டக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? ரசமட்டத்தை வைப்பதும் எடுப்பதும், குந்துவதும் எழுவதுமாக இரண்டு நாளாய் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. மேஸ்திரியாக இருக்கும் மைத்துனன் ஆள் அனுப்புகிறேன் என்றான். என் பெண்ணின் அறை, என் கையால்தான் செய்வேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். சுவரில் பூசிய பட்டி இரண்டு தடவை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து தலையில் கொட்டியும் புத்தி வரவில்லை.

மகள் இன்று மாலை வருகிறாள். புருஷன் வீட்டை விட்டே வருகிறாள். "ரெண்டு நாள் இருந்துட்டு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் கல்யாணமாகிப் போனதும் அந்த அறை மூட்டை முடிச்சு போடும் இடமாகிவிட்டது. இனி அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வரவில்லை. முன்பு அவள் போனில் அழுதபோது "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொன்ன வாய் அல்லவா? அதனால் தரையை மினுக்கிக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தார்.

கூடத்தில் மனைவி ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு வெள்ளைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கதவைச் சாத்திட்டுச் செய்யுங்க. இதுல தூசி பட்டா நான் தொலைஞ்சேன்."

சாத்தினார். நேற்று ஒட்டி இறுகிய பக்கம் குந்திக்கொண்டு, கதவோரத்துக் கடைசி வரிசையை ஒட்டி முடித்தார். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து கதவை இழுத்தார்.

அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தரையோ ஒரு விரல் தடிமன் உயர்ந்துவிட்டது. கதவின் அடி டைல்ஸில் முட்டிக்கொண்டு, அசைவேனா என்றது. நேற்றே அது பாதி திறந்து நின்றுவிட்டது. கீல் துருப்பிடித்திருக்கிறது என்று எண்ணெய் விட்டவர் இவர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறாராம்!

"தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி வெளியிலிருந்து. சிரிப்பை அடக்குவது குரலிலேயே தெரிந்தது.

"கூப்பிட்டே, நான் சும்மா இருக்க மாட்டேன்!"

ஜன்னலில் கம்பி. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். கடைசி வரிசையைப் பெயர்த்தால் வெளியே போகலாம். ஆனால் மகள் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். பெயர்க்க மனசு வரவில்லை. மறுபடியும் நடந்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டி உருளும் சத்தம் கதவு வரைக்கும் வந்தது.

"அப்பா, உள்ளே என்ன பண்றீங்க?"

"உன் ரூமுக்கு டைல்ஸ்..."

"எனக்கெதுக்குப்பா இவ்வளவு? நான்தான் போயிடுவேனே."

அவர் விறுவிறுவென்று கதவோரம் போனார். குனிந்து கொத்துக்கரண்டியைச் செருகி, பசை காயாத டைல்ஸை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்துப் போட்டார். கதவு ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத் திறந்தது.

பெட்டியை வெளியே விட்டுவிட்டு, காலெல்லாம் பசை அப்ப அவள் உள்ளே வந்தாள். தரையையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. கதவின் பின்பக்கத்தைக் கையால் தடவினாள்.

"உள்தாழ்ப்பாள் இருக்காப்பா?"

"இருக்கே. ஏம்மா?"

"அந்த வீட்ல என் ரூம்ல இருந்ததைக் கழட்டிட்டாங்க."

அவர் தாழ்ப்பாளையே பார்த்தார். அப்படிப்பட்ட இடத்திலா அனுசரித்துப் போகச் சொன்னோம்? கையிலிருந்த கரண்டி கீழே விழுந்து, நல்ல டைல்ஸ் ஒன்றில் கீறல் விழுந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. நீ எங்கேயும் போகாதே. இங்கேயே இரு."

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். திரும்பவும் போட்டுப் பார்த்தாள்.

"மாமாவைக் கூப்பிட்டுக் கதவோட அடியை அறுக்கச் சொல்லுங்கப்பா," என்றாள் கடைசியில். "தாழ்ப்பாள்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."