பதினேழாவது கதிர்

சுகப்பிரியா கோவில்பட்டிக்காரி. ஒரகடத்தில், தகடு அடிக்கும் பிரஸ் மிஷின்களுக்குப் பாதுகாப்பு போர்டு செய்யும் சிறிய நிறுவனமொன்றில் சிப்பின் சுற்றை வடிவமைக்கும் வெரிலாக் மொழியில் நிரல் எழுதுகிறாள். மிஷினின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கே ஓடும். எந்தக் கதிரைக் கை மறித்தாலும் பிரஸ் நின்றுவிட வேண்டும். அதைக் கவனிக்க அவள் எழுதிய மாட்யூல் என்ற நிரல்துண்டு, கதிர்களை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தன்னைப்போலவே இன்னொன்றைத் தனக்குள் உண்டாக்கும். அதுவும் அப்படியே பிரிக்கும், ஒற்றைக் கதிர் மிஞ்சும்வரை. பதினாறு கதிர்களுக்கு அது பிசகியதே இல்லை.

பென்னலூர்ப் பட்டறை ஒன்று அடியில் ஒரு கதிர் கூடுதலாகக் கேட்டது. எண்ணை மட்டும் பதினேழாக மாற்றிக் கொடுத்தாள். போர்டை மாட்டிய மறுநாள் மதியம்தான், கணினி காட்டியும் தான் படிக்காமல் விட்ட எச்சரிக்கைகளுக்கு நடுவே அந்த வரியைப் பார்த்தாள்: ஓர் உள்ளீடு எதோடும் இணையவில்லை. மிச்சத்தை விட்டுவிடும் அந்தக் கணக்கில் பதினேழில் பாதி எட்டு. எட்டும் எட்டும் போக, அடிக்கதிரைப் பார்க்க யாருமில்லை.

பட்டறை சூப்பர்வைசர் கார்முகிலுக்குப் போன் செய்தாள்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் ஜோயலின் பைக்கில் ஏறினாள். கன்டெய்னர் லாரிகள் நகர்வதாக இல்லை. வழி நெடுக விரல்களை உள்ளங்கைக்குள் இறுக்கி மடக்கியிருந்தாள்.

வாசலில் செக்யூரிட்டி பாஸ் கேட்டார். உள்ளே பிரஸ் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இடிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஜோயலைப் பேச விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஆபரேட்டர் எழிலரசி, சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்து, கையை அடியோடு ஒட்டி உள்ளே நீட்டப் போனாள்.

"அக்கா, கைய எடுங்க!"

சுகப்பிரியா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். பிரஸ் நின்றது.

கார்முகில் ஓடி வந்து, யாரைக் கேட்டு லைனை நிறுத்தினாய் என்று சத்தம் போட்டார். சுகப்பிரியா குனிந்தாள். கீழே கிடந்த ரீப்பர் கட்டையை எடுத்து அடிக்கதிருக்குக் குறுக்கே நீட்டி, ஓட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். பிரஸ் நிற்காமல் இறங்கியது. கட்டை நொறுங்கியது.

எழிலரசி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"காலைலேர்ந்து அங்கதான் கை வுட்டுகினு கீறேன்" என்றாள் மெதுவாக.

கார்முகில் மெயின் சுவிட்சை அணைத்தார். மற்ற மிஷின்கள் எப்படி என்று கேட்டார். அவற்றில் பதினாறு கதிர்தான், பயமில்லை என்றாள் சுகப்பிரியா. சொல்லி முடிக்கும் முன்பே அந்த வார்த்தையில் அவளுக்கே நம்பிக்கை போயிற்று.

"எல்லாத்தையும் நிப்பாட்டுங்க சார். ஒவ்வொரு கதிராப் பாத்துருவோம்."