முப்பது டிகிரிப் பெட்டி

ஆய்வகத்தில் அவளை முட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டைக்கோஸை அரிக்கும் வைரமுதுகுப் பூச்சியின் முட்டைகளை எண்ணுவதுதான் நான்கு மாதமாக அவள் வேலை. இருபது, இருபத்தைந்து, முப்பது டிகிரி என்று மூன்று வளர்ப்புப் பெட்டிகள். சூடு ஏற ஏறப் பூச்சி வேகமாக வளரும், சீக்கிரமே சாகும். அதற்குள் எத்தனை முட்டை வைக்கிறது என்று பார்க்க வேண்டும். முப்பதில் தாய்ப்பூச்சிகள் மூன்றே நாளில் மல்லாந்துவிட்டன. வைத்த முட்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் பாதி பொரிக்கவில்லை.

வெயில் மாதங்களில் பூச்சி தானாக அடங்கிவிடும் என்று தலைமை விஞ்ஞானி விவசாயிகளுக்கு ஓர் அறிக்கை எழுதி அச்சுக்கு அனுப்பினார். அது வெளிவருமுன்பே முட்டைக்காரி அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவனுக்கு முட்டைக்கோஸ்தான் பிழைப்பு. மருந்து அடிக்காதே, வெயிலே பார்த்துக்கொள்ளும் என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"உன் பூச்சியெல்லாம் செத்துடுதுன்னு சொன்னியேம்மா. என்னோடது குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கு."

தோட்டத்தில் எவ்வளவு சூடு என்று கேட்டாள். முப்பதுதான், மிஞ்சிப்போனால் முப்பத்தொன்று என்றான். வேறு ஏதாவது புழுவாக இருக்கும் என்று சமாளித்தாள். தொட்டால் துள்ளி நூல்விட்டுத் தொங்குகிற புழு வேறு எது என்று அவன் திருப்பிக் கேட்டான்.

போனை வைத்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ போட்டுக் குடிக்க மறந்தாள். நோட்டைப் புரட்டினாள், எண்களில் பிசகில்லை. வராந்தா வரை போய்த் திரும்பினாள். பெட்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் முப்பது என்று ஒளிர்ந்தது. நான்கு மாதமாக ஒரு புள்ளிகூட அசையாத முப்பது. அதுதான் இப்போது உறுத்தியது.

அடுத்த அறையில் விதை முளைப்புப் பார்ப்பவரிடம் ஒரு தெர்மாமீட்டர் இரவல் வாங்கி, மேல்தட்டில் பூச்சிக் கூண்டுகளுக்கு நடுவே வைத்தாள். காத்திருந்த அரை மணி நேரத்தில் மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டியே எடுத்துவிட்டாள்.

கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து.

சென்சார் இருந்த கீழ்த்தட்டில் மட்டும்தான் முப்பது. பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். காற்றைச் சுழற்றும் ஃபேன் செத்துக் கிடந்தது. சூடெல்லாம் மேலே ஏறி நின்றிருக்கிறது. எண்ணுவதற்கு வசதி என்று கூண்டுகளையெல்லாம் மேல்தட்டிலேயே அடுக்கியது அவள்தான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் வந்தது. வராந்தாவின் கடைசி வரைக்கும் அது கூடவே நடந்தது. தலைமை விஞ்ஞானியின் அறைக்குள் நுழைந்ததும், யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் கலைந்துபோயின.

"மேடம், நம்ம முப்பது முப்பதே இல்ல. முப்பத்தஞ்சு."

அவர் கத்தவில்லை. எழுந்து வந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். அச்சகத்துக்குப் போன் போட்டார். பாதிப் பிரதிகள் போன வாரமே விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டனவாம்.

"தினம் கதவைத் திறந்தியே, ஒரு நாளாவது கைக்குச் சூடாத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்திருந்தது. முப்பது இப்படித்தான் சுடும்போல என்று விட்டிருந்தாள்.

அன்றே அண்ணனிடம் மருந்து அடிக்கச் சொன்னாள். ஃபேன் மாற்றிப் புதுக் கூண்டுகள் வைத்தார்கள். நடுவில் நாலைந்து தடவை ஓடிப்போய்ச் சூட்டை அளந்து பார்க்காத நாளில்லை. இந்த முறை முப்பதில் தாய்ப்பூச்சிகள் பத்து நாள் தாக்குப்பிடித்தன. ஒவ்வொன்றும் நூற்றைம்பது முட்டைக்குக் குறையாமல் வைத்தது. அந்த முட்டைகள் இரண்டே வாரத்தில் பூச்சியாகிப் பறந்தன. திருத்தம் அச்சாகி வெளியே போயிற்று.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தோட்டத்துக்குப் போனாள். கீழ்ப்பாத்தி முழுக்க இலைக்குப் பதில் நரம்புதான் மிச்சம். தாமதமாக அடித்த மருந்தில் மேல்பாத்தி ஏதோ தப்பியிருந்தது. அண்ணன் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. கெட்டுப்போன செடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தான். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ரெண்டு வார்த்தை திட்டிடேன்ணே."

"திட்டினா புழு இறங்கிடுமா? அடுத்த கூட்டம் எப்ப வரும், அதைச் சொல்லு."

பதினான்கு நாள் என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"ரெண்டு நாள் இங்கேயே இருந்து சூட்டை அளந்து பாத்துட்டுச் சொல்றேன்ணே."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தான். அவள் மேல்பாத்தியில் குந்தி, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.