இரண்டு முகக் காசின் மதிப்பு

நிக்காஹ் பேசி முடித்த அன்று, பெண்ணுக்குத் தரும் மஹரின் மதிப்பு என்ன என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டார். காயலான் கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? “பழைய வெண்கலம் ஹஜ்ரத், பன்னிரண்டு கிராம்” என்றுவிட்டான் மாப்பிள்ளை அப்பாஸ்.

சாயங்காலமே சபீஹாவின் மிஸ்டு கால். மாமன் மகள், ஓசூரில் ஒரு போல்ட் கம்பெனியில் அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் குவாலிட்டி வேலை. திருப்பிக் கூப்பிட்டான்.

“என்னையக் காயலான் விலைக்கா முடிக்கிறீங்க மச்சான்?”

“நகை வேணாம், ரெண்டு முகக் காசுதான் வேணும்னது யாரு புள்ள?”

“நான்தான். அது பொறந்த ஊர்ல அதுக்கு என்ன மதிப்போ, அதைச் சொல்லுங்க. இல்லாட்டி வெள்ளிக்கிழமை சம்மதம் கேக்க வர்றவங்க டீயக் குடிச்சிட்டுத் திரும்பட்டும்.”

சூளகிரி பவுண்டரியில், கப்பலில் வந்த பழைய பித்தளை மூட்டையைப் பிரிக்கையில் கிடைத்த காசுகள் இரண்டு. உலைக்குப் போகவிடாமல், எடைக்கு எடை பித்தளை கொடுத்து மீட்டிருந்தான். ரோமாபுரி ஆண்ட காலத்தில் தான்யூப் ஆற்றுப் பக்கத்து ஊர்கள் அடித்தவை என்றார் காசு சேர்க்கும் பெங்களூர் திம்மராயன்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். ஒற்றை முகக் காசு கனம். இரண்டு முகங்கள் எதிரெதிரே பார்த்துக்கொள்ளும் காசு லேசு. கனமானதுதான் பெரிய காசு என்றது அவன் தொழில். அப்படியானால் கட்டிக்கப்போகிறவளுக்குக் கொடுப்பது சில்லறையா? 

தளியில் பழைய சரக்கு பார்த்துவிட்டுத் திரும்புகையில் பஸ்ஸைப் பனி மூடியிருந்தது. கோஸ் மூட்டைகளுக்கு நடுவே கண் சொக்கியது. பஸ் ஓர் ஆற்றங்கரையில் நின்றது. படகுகள் அசைந்தன. கரையில் சந்தை. ஒருத்தி தக்காளி விற்றாள். (ரோமாபுரியில் தக்காளி ஏது என்பவர் தூங்கிப் பழகாதவர்.) அவளைச் சுற்றி நாலைந்து பாஷை, ஓசூர் சந்தையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் இடித்துக்கொள்கிற மாதிரி. எவனுக்கும் எழுத்துத் தெரியாது. காசை எடை போட எவனிடமும் தராசும் இல்லை. அப்பாஸ் கனமானதை நீட்டினான். நாலு கூறு வைத்தாள். லேசானதை நீட்டினான். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, இரண்டு முகமும் கண்ணில் பட்டதுமே இன்னொரு கூறும் சேர்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

விழித்ததும் திம்மராயனுக்குப் போன் போட்டான். “அண்ணா, அந்த ஊர்கள்ல ரெண்டு முகம் போட்டா பெரிய காசா?”

“ஆமாப்பா. எடையை நம்பாத, அது காசுக்குக் காசு மாறும். ரெண்டு தலை எதிரெதிரே இருந்தா அஞ்சு அஸ்ஸாரியோன், அதான் அந்த ஊர்ச் சில்லறைக் கணக்கு; ஒத்தைத் தலை நாலு. ஆமா, உனக்கு யார் சொன்னா?”

“தக்காளிக்காரம்மா.”

“எந்தம்மா?”

போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை நிக்காஹில் ஹஜ்ரத், அஞ்சு அஸ்ஸாரியோன் என்ற பெயரில் இடறி இடறி மஹரைச் சொன்னார். சம்மதம் கேட்கப் போன மாமா தஸ்தகீர் பெண்கள் பக்கமிருந்து திரும்ப நேரமாயிற்று. 

“சம்மதமாம்” என்று உட்கார்ந்த தஸ்தகீர், குரலைத் தாழ்த்தி, “காசைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் அளந்து பாக்க மாட்டாளாம். அதையும் உன்கிட்டச் சொல்லச் சொன்னா” என்றார்.